வடக்கே சூலம்

என் அக்கா வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். அந்த அறையின் பின்சுவரில் ரொம்ப வருஷமாக ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. பனி மலை, உறைந்த ஏரி, மேலே வானம் முழுக்கப் பச்சையாக அலையும் வெளிச்சம். சித்திரை வெயிலில் வேர்த்து வடிய வரும் காலேஜ் பிள்ளைகள் கடன் வாங்கிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ஃப்ளெக்ஸின் வலது மூலையில் சின்ன இங்கிலீஷ் எழுத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் இருந்தது. அதை மறைக்க மாமா ஒரு பிளாஸ்டிக் குரோட்டன்ஸ் தொட்டியை வைத்திருந்தார். "இது நீங்க எடுத்ததா சார்?" என்று யாராவது கேட்டால், "இல்லீங்க, நெட்டுல எடுத்தது" என்பார். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. சொல்லிவிட்டு, தொட்டி நகராமல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், பிறந்தவன். ஒன்பதாவதில் இரண்டு தடவை தவறியதும் பள்ளிக்கூடம் என்னை விட்டது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு லோடு ஏற்றினேன். சேத்தியாத்தோப்பில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். திருப்பூர், பிறகு சவுதி, பிறகு மறுபடியும் கடலூர். ஒரு இடத்தில் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. துரத்தப்பட்டது பாதி, நானாகக் கிளம்பியது பாதி. அப்படி ஒரு கிளம்பலில்தான் பின்லாந்தின் வடகோடியில், லாப்லாந்து என்கிற பக்கத்தில், ஒரு சுற்றுலா விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. குளிர்காலத்துக்கு மட்டும். நவம்பர் கடைசியில் போய் மார்ச் கடைசியில் திரும்பிவிட வேண்டும்.

மாமாவிடம் சொன்னேன். ஃபோனில் மேப்பைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதே அவருக்கு இடது கண் இல்லை. சர்க்கரை. வலது கண்ணுக்கு மாசா மாசம் பாண்டிச்சேரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ போற ஊரு இதுக்கு நேர் கீழ இருக்குது" என்று ஃப்ளெக்ஸைத் தட்டினார்.

"அங்க பாத்திரம் கழுவத்தான் மாமா போறேன்."

"கழுவு. கழுவிட்டு வெளிய வந்து அண்ணாந்து பாரு. என் கேமராவ எடுத்துகிட்டுப் போ. ஒன்னே ஒன்னு எடுத்துகிட்டு வா. இந்தக் கண்ணு போறதுக்குள்ள நம்ம கேமராவுல எடுத்தத நான் ஒரு தடவ பாக்கணும். அப்புறம் இந்தத் தொட்டியத் தூக்கித் தெருவுல வெச்சிடலாம்."

இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிடுகிறாராம். மாமா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

கிளம்புவதற்கு முன் ஒரு சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சுக்கு என்னைக் கூட்டிப் போனார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். கடல் மேல் நட்சத்திரம் வந்ததும் ஸ்டாண்டை மணலில் ஊன்றினார். இருட்டில் கேமரா தானாக ஃபோகஸ் பிடிக்காது. ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனை மாதிரி ஆகும்வரை லென்ஸைக் கையால் திருப்ப வேண்டும். அது எனக்கு வராது என்று அவருக்குச் சந்தேகம். தானே திருப்பி, கண்ணை ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்து, சரியான இடத்தில், லென்ஸின் மேல் இருக்கும் கோட்டுக்கு நேராக, அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினார். சிவப்புப் பொட்டு.

"பொட்டும் கோடும் நேரா இருந்தா போதும். நீ ஒன்னும் யோசிக்காத. ஐ.எஸ்.ஓ. ஆயிரத்தி அறுநூறு. எட்டு செகண்ட். பத்துக்கு மேல போவாத. அது ஆடுற திரை மச்சான். ஜாஸ்தி நேரம் தொறந்து வெச்சா மடிப்பெல்லாம் கரைஞ்சு பச்சத் தண்ணியாப் போயிடும்."

"கோயில்ல திரைய வெலக்குற மாதிரியா?"

"சிதம்பரத்துல திரைய வெலக்குனா உள்ள ஒன்னும் கெடையாது. அங்க திரைதான் எல்லாமே."

போலீஸ்காரர் ஒருவர் டார்ச் அடித்து, இங்கே என்ன என்று கேட்டார். மாமா, "ஸ்டார் எடுக்குறோம் சார்" என்றார். எந்த ஸ்டார் வருகிறார் என்று அவர் கேட்டார். ஊருக்குத் திரும்பும்வரை மாமா அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அக்காவின் கதை வேறு. சிதம்பரத்திலிருந்து பாண்டிச்சேரி வடக்கே இருக்கிறது. மாமாவின் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்த அன்று அவர்கள் லேசர் வைத்துக்கொள்ளப் போயிருந்தார்கள். அது புதன்கிழமை. தினசரி காலண்டர் தாளில் செவ்வாய், புதன் இரண்டு நாளும் 'சூலம்: வடக்கு, பரிகாரம்: பால்' என்று போட்டிருக்கும். அந்தத் திசைக்குப் போகக் கூடாது, போயே தீர வேண்டுமென்றால் பால் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் அன்றைக்குப் பால் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கண் மறைத்துவிட்டது. டாக்டர் சர்க்கரை என்றார். அக்கா இன்றுவரை பால் என்கிறாள்.

நான் கிளம்பும் அன்று காலையில் காலண்டருக்கு முன்னால் என்னை நிறுத்தினாள்.

"நீ போறதே வடக்கு. அங்க போயி இன்னும் வடக்க போறேன்னு அலைவ. செவ்வா, பொதன் ரெண்டு நாளும் வடக்குப் பக்கம் அடி எடுத்து வெக்க மாட்டேன்னு சொல்லு. மாமா கண்ணு மேல சத்தியம் பண்ணு."

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பண்ணினேன்.

பின்லாந்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். செப்டம்பரிலிருந்து மார்ச் முடிய அந்த வெளிச்சம் தெரியும். கோடையில் அங்கே இருட்டே வராது, போய்ப் பிரயோஜனமில்லை. கடலோரத்தை விட உள்நாட்டில் மேகம் குறைவு. அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது. ஊர் விளக்கு எட்டாத இடத்துக்கு நடக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் அது வராமல் இருக்கலாம். வந்தாலும் மேலே மேகம் மூடியிருக்கலாம். ஒரு வாரமாவது கையில் வைத்துக்கொண்டு போகாதவர்கள் போக வேண்டாம்.

எனக்கு நாலு மாசம் இருந்தது. விடுதி ஒரு ஏரியின் தென்கரையில். சுற்றிலும் பெரிய பெரிய விளக்குகள். இருட்டு வேண்டுமென்றால் உறைந்த ஏரி மேல் வடக்கே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மத்தியானம் ஆரம்பித்து நடுராத்திரி வரை தட்டு கழுவிவிட்டு அந்த நடை நடக்கக் கால் வராது. நான் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை மேகம். இன்னொரு தடவை வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று இருந்தது, ஏதோ அடுப்புப் புகை என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன். அதுதான் அந்த வெளிச்சம் என்று மறுநாள் மாமா ஃபோனில் சொன்னார். லேசாக வந்தால் நம் கண்ணுக்குப் புகை மாதிரிதான் தெரியுமாம், கேமராவுக்குத்தான் பச்சை.

"புகைன்னு வுட்டுட்டியா மச்சான்?"

"தெரியல மாமா."

"சரி வுடு. லீவு நாள்ல போ. நிம்மதியா நின்னு எடு."

லீவு நாள் செவ்வாய்க்கிழமை.

அதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. வேறு நாள் கேட்டு சமையலறை மேலாளரிடம் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் செவ்வாய்க்கிழமை வடக்கு நல்லதில்லை என்றேன். இது உன் மதமா என்று கேட்டார். இல்லை, காலண்டர் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒரு மான் படம்தான் இருந்தது. சனிக்கிழமை தங்க வருகிறவர்கள் மாறும் நாள், மற்ற நாளெல்லாம் கூட்டம், செவ்வாய்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய் வந்தது. இரண்டு வாரம் மூடிக் கிடந்த வானம் அன்று காலையிலிருந்தே துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. அங்கே சாயங்காலம் ஐந்து மணி என்றால் சிதம்பரத்தில் எட்டரை. அந்த நேரத்துக்கு மாமா கூப்பிட்டார்.

"மச்சான், ஆப்புல பாத்தேன். எழுத்தப் பெருசா வெச்சுப் பாத்தேன். மேகம் சுத்தமா இல்ல. வெளிச்சம் பயங்கரமா வரும்னு போட்டிருக்கான். வேலையா இன்னிக்கு?"

"லீவு மாமா."

"அப்புறம் என்னா ஃபோன்ல பேசிகிட்டிருக்க? பேட்டரிய சட்டைக்குள்ள வெச்சுக்க. லென்ஸ் மேல மூச்சு வுட்டுடாத. போ."

அவர் வைத்த இரண்டாவது நிமிஷம் அக்கா கூப்பிட்டாள். கொல்லைப்பக்கம் நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது, குரல் அடங்கியிருந்தது.

"இன்னிக்கு செவ்வாடா."

"தெரியும்க்கா."

"அவரு கண்ணு மேல பண்ணியிருக்க. எனக்கு அந்த ஒரு கண்ணுதான்டா இருக்குது."

அவருக்கு என்று சொல்லவில்லை, எனக்கு என்றுதான் சொன்னாள். அது இன்னும் காதில் இருக்கிறது.

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. சூலம், ராகு காலம் எதையும் பார்த்து எந்த ஊருக்கும் கிளம்பியதில்லை. ஆனால் கண் மேல் சத்தியம் என்பது வேறு. போனால் கண் போய்விடுமோ என்று பயம். போகாவிட்டால் அந்தக் கண் பார்க்க இருப்பதைப் பறிக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு பூட்ஸை மாட்டினேன், கழற்றினேன். மறுபடியும் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் அறை ஜன்னல் தெற்குப் பக்கம், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து இருக்கும். ஆறரை மணி வாக்கில் அங்கே கிடந்த பனி பச்சையாக மாறியது. விளக்கு வெளிச்சத்தையும் மீறிப் பச்சை. கார்களின் கூரை, கம்பி வேலி, எல்லாம். பிறகு ஓரத்தில் ரோஸ் நிறம் ஓடியது. பக்கத்து அறையில் இருந்த நேபாளத்து ஆள் கதவைத் தட்டி, வா, இந்த மாதிரி வருஷத்தில் ஒரு தடவைதான் என்றார். வயிற்றுவலி என்றேன். அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். கேமரா கட்டிலுக்கு அடியில் இருந்தது.

மறுநாள் காலையில் மாமா கூப்பிட்டார்.

"கெடைச்சுதா?"

"திடீர்னு மேகம் வந்து மூடிடுச்சு மாமா."

"மேகமா?"

"ஆமா மாமா."

"சரி. அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வானம் திறக்கவில்லை. செவ்வாய், புதன் என்றில்லை, எந்தக் கிழமையும் திறக்கவில்லை. வேலை முடிந்து பின்வாசலில் வந்து நின்று மேலே பார்ப்பேன். வெந்நீரில் ஊறி வெளுத்த விரல்கள் குளிரில் வெடிக்கும். மேகம் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பேன். தூக்கம் வராது. மாமா தினமும் கேட்பதை நிறுத்தினார். வாரம் ஒரு தடவை கேட்டார். பிறகு நானாகச் சொன்னால்தான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்தத் திசைக்கும் போகவில்லை. "கண்ணுக்குள்ள யாரோ இங்க் ஊத்துன மாதிரி இருக்குது" என்றாராம். பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் பண்ணினார்கள். உள்ளே கட்டியிருக்கும் ரத்தத்தை எடுத்திருக்கிறோம், சில வாரத்தில் கொஞ்சம் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இது எனக்கு நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமைதான் தெரியும். அக்கா சொன்னாள். அழவில்லை, அழுது முடித்திருந்தாள்.

"அங்க வானம் எப்படியிருக்குது?"

"கொஞ்சம் தெளிஞ்சிருக்குதுக்கா."

"போடா. போயி எடுத்துடு. கண்ணு தொறக்குறப்ப காட்டலாம்."

"இன்னிக்கு செவ்வா."

"தெரியும். பாலு இருந்தா ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் பால் குடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு ஏரியில் இறங்கி வடக்கே நடந்தேன். விளக்குகள் பின்னால் சின்னதாகும்வரை நடந்துவிட்டு நின்றேன். வானத்தில் நட்சத்திரம் மட்டும்தான். ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. பிறகு வடக்கு ஓரத்தில் அந்தப் புகைக் கீற்று வந்தது. இந்தத் தடவை விடவில்லை. சட்டைக்குள்ளிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டு, டார்ச் அடித்து லென்ஸைப் பார்த்தால், பொட்டைக் காணோம். குளிரில் பசை விட்டுவிட்டது. வரும் வழியில் எங்கேயோ பனியில் விழுந்திருக்கிறது.

முட்டி போட்டு, ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, கையுறையைக் கழற்றிவிட்டுத் திருப்பினேன். ஊசிமுனை ஆனதா என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் நீர் வந்து இமையில் உறைந்தது. அதற்குள் கீற்று எழுந்து ஆட ஆரம்பித்திருந்தது. எட்டு செகண்ட் வைத்து ஒன்று எடுத்தேன். திரையில் இருட்டாகத் தெரிந்தது. அது போதாதோ என்று பயந்தேன். ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார், அதுவும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது. முப்பது செகண்ட் வைத்தேன். பச்சையாக, பளிச்சென்று வந்தது. அப்புறம் எல்லாமே முப்பது. ஏழாவது படத்தில் பேட்டரி செத்தது. வெளிச்சம் அதற்குப் பிறகும் தலைக்கு மேல் ரொம்ப நேரம் ஆடியது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. செத்த பேட்டரியை வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்ததும் இருந்ததிலேயே பளிச்சென்று வந்த படத்தை ஃபோனுக்கு மாற்றி அனுப்பினேன். அக்கா காலையில் அதை மாமாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாளாம். கட்டு எடுத்திருந்தார்கள். அப்போதே என்னைக் கூப்பிட்டார்கள்.

"மச்சான், வெளிச்சமா இருக்குது" என்றார் மாமா.

"பச்ச தெரியுதா மாமா?"

"வெளிச்சம்தான் தெரியுது. ஃபோன் வெளிச்சம். சொல்லு, எத்தன செகண்ட் வெச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"முப்பது."

"முப்பதா." மூச்சு விட்டார். "அப்ப ஸ்டாரெல்லாம் புள்ளியா இருக்காது. கோடா இழுத்திருக்கும். மடிப்பு ஒன்னு கூட இருக்காது. கீழ பச்சையா, மேல போகப் போக வெளுத்து, தண்ணி மாதிரி. அப்படியா இருக்குது?"

நான் படத்தைப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"ஆமா மாமா."

"அதான்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கண்ணுக்கு ஃபோன் வெளிச்சமும் தெரியவில்லை. இன்னொரு ஆபரேஷனுக்கு டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் கடைசியில் திரும்பினேன். பாண்டிச்சேரி வழியாக வந்த பஸ் கடலூரில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. சிதம்பரம் ஸ்டாண்டில் இறங்கி ஸ்டுடியோவுக்கு நடந்தேன். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் முக்காலிக்குப் பக்கத்தில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடையில் இருந்த பழைய கேமராவில் படம் எடுப்பது அக்கா. "நேரா பாருங்க, சிரிக்காதீங்க" என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேமராவை மாமாவின் மடியில் வைத்தேன். லென்ஸைத் தடவிப் பார்த்தார். பொட்டு இருந்த இடத்தில் விரல் நின்றது.

"வுழுந்துடுச்சா?"

"குளிர்ல வுழுந்துடுச்சு மாமா."

வந்தவர் போனதும் மாமா கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"ஜனவரியில அந்தச் செவ்வாக்கெழம மேகமே இல்ல மச்சான். நடு ராத்திரி வரைக்கும் நான் ஆப்ப பாத்துகிட்டே இருந்தேன். அந்த ஊர்லேருந்து எத்தன பேரு படம் போட்டாங்க தெரியுமா? அன்னிக்கு நீ எடுத்திருந்தா நான் பாத்திருப்பேன்."

"ஆமா மாமா."

ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. அக்கா பின்னால் லைட் ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றாள். காலண்டரில் பழைய தாள் கிழிக்காமல் இருந்தது. நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது.

முப்பது செகண்ட் படத்தையே ஃப்ளெக்ஸ் போடச் சொன்னார். பழையதை இறக்கினோம். தொட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தேன். இரண்டு நாளில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புது ஃப்ளெக்ஸில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, அதற்கு முன்னாலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

போன வாரம் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கல்யாண நாளுக்கு வெளிநாடு போகலாம் என்று இருக்கிறார்களாம். இதை எங்கே எடுத்தது, எப்போது போனால் பார்க்கலாம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"எடுத்தது நம்ம மச்சான்தான் சார். பின்லாந்துக்கு வடக்க போவணும். செப்டம்பர்லேருந்து மார்ச் வரைக்கும். அமாவாசைய ஒட்டிப் போங்க. எட்டு செகண்டுக்கு மேல வெக்காதீங்க." பிறகு சேர்த்தார். "செவ்வா, பொதன் மட்டும் வேணாம். வடக்க சூலம்."

வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு அதையும் ஃபோனில் குறித்துக்கொண்டார். உள் அறையில் பிரிண்ட் வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. மாமா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, சத்தம் மறுபடி கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.